கீப்பரைத் திருப்பி அனுப்பினது நீயில்லை

என்ர அருமை ராசன் மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில கிரவுண்ட் காய்ஞ்சு கிடக்குதோ, இஞ்சத்தைப் போல சேறோ எனக்குத் தெரியாது. எதுக்கும் பூட்ஸைக் கழட்டிப்போட்டு ஆறுதலா இரு. இது கொஞ்சம் நீட்டுக் கடிதம்.

இதைச் சங்கத்தின்ர ஆண்டு மலருக்கெண்டு எழுதிறன். ஒவ்வொரு வருஷமும் செயலாளர் அறிக்கை எண்டு ஒரு பக்கம் எழுதுவன். நீ அதை வாசிக்காமலே "நல்லா இருக்கு மச்சான்" எண்டு சொல்லுவாய். இந்தமுறை அறிக்கை இல்லை, உனக்குக் கடிதம்தான். எல்லாரும் வாசிக்கட்டும். ஏன் எல்லாரும் வாசிக்கவேணும் எண்டது போகப்போக விளங்கும்.

முதல்ல வீட்டுப் புதினம். உன்ர மனிசி, என்ர தங்கச்சி வசந்தி, சுகமா இருக்கிறாள். உன்ர கோச் ஜாக்கெட்டைத் துவைச்சு மடிச்சு அலுமாரியில வைச்சிருக்கிறாள். புதுக் கோச்சுக்குக் குடுப்பமோ எண்டு ஒருக்காக் கேட்டு நல்லா வாங்கிக் கட்டினனான். பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை.

இனி டீம். புதுசா வாசிக்கிற பிள்ளையளுக்காகவும் சேர்த்துச் சொல்லுறன். ஊரில எங்கட கொலிஜில, அதான் எங்கட பள்ளிக்கூடத்தில, படிச்ச ஆக்கள் லண்டனில சேர்ந்து துவங்கின ஃபுட்போல் டீம் இது. நீ கோச், நான் செயலாளர். வருஷத்துக்கு ஒருக்கா கோடையில ஊர்க் கொலிஜுகள் எல்லாம் ஒரே கிரவுண்டில வந்து மோதும். பழைய மாணவரும் அவையின்ர பிள்ளையளும் விளையாடலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் நீயும் நானும் எத்தினையோ சனிக்கிழமை என்ர காரில ஏறிப் போனனாங்கள்.

நீ போய் ரெண்டரை வருஷம். முதல் கோடை ஒன்பது பேரோட போய் நிண்டம். எதிர் டீம் எங்களைப் பாத்துச் சிரிக்கவும் இல்லை, பாவப்பட்டது. அது அதைவிடக் கேவலம். அடுத்த கோடை போகவேயில்லை. அதுக்குப் பிறகு போட்டிக் குழுவில இருந்து ஒரு கடிதம் வந்துது. இனியும் வராட்டி எங்கட இடத்தை வேற கொலிஜுக்குக் குடுக்கப்போகினமாம். கையில கடிதத்தோட குசினியில கனநேரம் நிண்டனான்.

ஆஸ்பத்திரியில நீ கடைசியாத் தெளிவாக் கதைச்ச நாள் ஞாபகம் இருக்கோ? "டீமை விட்டுடாதை மச்சான். முதல்ல நல்ல ஒரு கீப்பரைப் பார்" எண்டனி. நான் தலையாட்டினனான். எந்தக் கீப்பரை நினைச்சுச் சொல்லுறாய் எண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டு உனக்கும் தெரியும். 

போட்டிக் குழுவின்ர கடிதம் வந்த அந்த நேரத்திலதான் கஜன் வந்தான். வயசு நாப்பதுக்குள்ள. ஜேர்மனியில வளந்தவன், அங்கயே கோச்சிங் படிச்சு லைசன்ஸ் எடுத்தவன். இப்ப கிழக்கு லண்டனில பார்க்கிங் எண்ட ஊரில வீடு, டைல்ஸ் பதிக்கிற வேலை. எங்கட கொலிஜ் பக்கம் தலை வைச்சும் படுக்காதவன். போதாக்குறைக்குத் தகப்பன் படிச்சது எங்கட பரம எதிரிக் கொலிஜில. இவனைக் கோச்சாப் போடுவம் எண்டு கமிட்டியில பேச்சு வந்தவுடன எதிர்த்துக் கை தூக்கினது நான் ஒராள்தான். வடிவாத் தூக்கினனான், எல்லாரும் காணட்டும் எண்டு.

மச்சான், அந்தக் கையை இப்ப என்ன செய்யிறது எண்டு தெரியாமல் இருக்கிறன். உனக்குப் பிறகு இப்பிடி ஒருத்தன் வருவான் எண்டு நான் நினைக்கேல்லை.

முதல் பிராக்டிஸ் ஒன்பது மணி எண்டவன். ஒன்பது எண்டா எங்கட ஆக்களுக்கு ஒன்பதரை, அது உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் ஒன்பது பத்துக்கு பொரிச்ச ரோல்ஸ் பெட்டியோட போறன், கிரவுண்ட் கேற் பூட்டிக் கிடக்கு. உள்ளுக்க நாலு பேர் ஓடுகினம். வெளியில என்னோட ஆறு பேர் நிக்கிறம். அவன் கிட்ட வந்து, மரியாதையா, "அண்ணை, அடுத்த கிழமை சந்திப்பம்" எண்டான். செயலாளர் நானடா எண்டன். "ஓம் அண்ணை, தெரியும்" எண்டுபோட்டுத் திரும்பிப் போயிட்டான். ஆறு பேரும் காருக்குள்ள இருந்து ரோல்ஸ் சாப்பிட்டம்.

அடுத்த கிழமை ஒன்பதுக்கு ஐஞ்சு நிமிஷம் முதல் போனனான். அவன் பார்க்கிங்கில இருந்து லண்டனைக் குறுக்கால வெட்டி வந்து, எட்டே முக்காலுக்கே கோன் எல்லாம் அடுக்கி முடிச்சு நிக்கிறான். முழங்காலில டைல்ஸ் வேலைக்குக் கட்டிற அந்தப் பட்டையைக்கூடக் கழட்ட நேரமில்லை. இரவு வேலை முடிச்சு நேர கிரவுண்டுக்கு வந்தவன்.

ஆக்கள் சேர்த்த விதத்தைக் கேள். "அண்ணை, சனிக்கிழமை எத்தினை பிள்ளையளுக்கு டியூஷன் எண்டு எப்பவாவது கேட்டனீங்களோ?" எண்டான். நாங்கள் எங்க கேட்டம்? பெடியள் வரேல்லை, இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குக் கொலிஜ் பற்று இல்லை எண்டு நீயும் நானும் காருக்குள்ள இருந்து புலம்பினதுதான் மிச்சம். அவன் பிராக்டிஸை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினான். வேற ஒண்டும் செய்யேல்லை. அடுத்த மாதமே ஏழு பேர் கூடிச்சினம். எனக்கு வந்த விசருக்குத் தலையைச் சுவரில இடிச்சிருப்பன்.

ஈலிங் அம்மன் தேருக்கு வந்து நிண்டான். சனம் முழுக்க அம்மாளைக் கும்பிடுது, இவன் வடம் பிடிக்கிற பெடியளின்ர காலைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். வெறுங்காலோட தெரு முழுக்க நிக்காமல் இழுத்த ரெண்டு பேரை எனக்குக் காட்டினான். ரெண்டும் எங்கட பழைய மாணவரின்ர பிள்ளையள்தான். நான் நேர அவங்களிட்டப் போக வெளிக்கிட, கையைப் பிடிச்சு நிப்பாட்டினான். "பெடியனைக் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவான். முதல்ல தாயைக் கேக்கவேணும்." அர்ச்சனைத் தட்டோட நிண்ட தாய்மாரிட்டப் போய்ப் பேர் சொல்லி, என்ன வேலை செய்யிறன் எண்டு சொல்லி, "பிள்ளை எந்த பஸ்ஸில வரும், ஆர் திருப்பிக் கொண்டுவந்து விடுவினம்" எண்டதை அவையள் கேக்க முதலே சொன்னான். ஊரில எவடம், தகப்பன் ஆர், அந்த விசாரணை ஒண்டும் இல்லை. நான் பக்கத்தில நிண்டு நிலத்தைப் பாத்தன்.

ஒரு ஞாயிறு பிராக்டிஸ் முடிய, "முந்தி வந்து திரும்பிப் போன ஆக்களின்ர லிஸ்ட் இருக்கோ அண்ணை?" எண்டு கேட்டான். என்ர ஃபைலில இல்லாத லிஸ்ட் உண்டோ? எடுத்துக் குடுத்தன். விரலை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு பேரா வாசிச்சவன் ஒரு இடத்தில நிப்பாட்டினான்.

"நிரோஷன். கீப்பர். நல்ல உயரம் எண்டு எழுதியிருக்கு. ஏன் எடுக்கேல்லை?"

"தகப்பன் எங்கட கொலிஜில படிச்சதுக்கு விடுகைப் பத்திரம் இல்லை. சங்க யாப்பில விதி இருக்கு, பத்திரம் காட்டவேணும்."

"தகப்பன் அகதியா வந்தவரோ?"

"ஓம்."

"அப்ப என்னெண்டு அண்ணை பத்திரம் இருக்கும்?"

நக்கலாக் கேட்டிருந்தா நான் பதிலுக்கு ஏதும் சொல்லியிருப்பன். அவன் உண்மையாவே விளங்காமல்தான் கேட்டவன். 

அந்த விதியை யாப்பில எழுதினது ஆர் எண்டு உனக்குத் தெரியும். ஏதோ ஒரு டீம், பழைய மாணவர் எண்டு ஒரு பொய்த் தகப்பனைக் காட்டி, வெளி ஆளை இறக்கிச்சுது எண்டு ஒரு வருஷம் பெரிய பிரச்சினை வந்துதே, அதுக்குப் பிறகு நான் எழுதினது. என்ர பத்திரத்தை அம்மா பொலித்தீனில சுத்திப் பெட்டிக்குள்ள வைச்சுத் தந்து விட்டவ. எல்லா வீட்டுப் பெட்டியும் அப்பிடித்தான் வந்தது எண்டு நினைச்சனாக்கும். உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த சனத்திட்டப் பத்திரம் கேட்ட விசரன் நான்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

நிரோஷன் எங்களிட்ட வந்த அண்டைக்கு அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயசு. நீ அடிச்ச பந்து ஒண்டையும் உள்ளுக்க விடேல்லை. நீ மூச்சு வாங்க என்னட்ட ஓடிவந்து, "மச்சான், இவனை மட்டும் விட்டுடாதை" எண்டனி. நான் ஃபைலைத் திறந்தன். தகப்பன் எட்டாம் வகுப்போட இடம்பெயர்ந்தவர், பத்திரம் இல்லை, ஏலாது எண்டன். நீ எனக்குப் பேசினாய், நான் உனக்குப் பேசினன். கடைசியில "சரி, செயலாளர் நீ" எண்டுபோட்டு கோன் பொறுக்கப் போயிட்டாய். மனிசியின்ர தமையன் எண்டுதான் நீ விட்டனி. வேற ஆள் எண்டா விட்டிருக்கமாட்டாய்.

தகப்பன், சிவபாதம் அண்ணை, மகனோட கார் நிப்பாட்டிற இடத்தில காத்துக்கொண்டு நிண்டவர். மகனுக்குப் புது கிளவுஸ் வாங்கிக் குடுத்திருந்தவர், அதின்ர விலைச்சீட்டு இன்னும் தொங்குது. நான் கிட்டப் போனன். உங்களிட்டப் பத்திரம் இல்லை எண்டு அந்த மனுசனின்ர முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. அதால, "கோச்சுக்குப் பிடிக்கேல்லை அண்ணை. பெடியன் இன்னும் பழகவேணுமாம்" எண்டு சொன்னனான்.

உன்ர தலையில போட்டனான், மச்சான். நீ அங்கால கோன் பொறுக்கிக்கொண்டு நிண்டனி. சிவபாதம் அண்ணை உன்னை ஒருக்காத் திரும்பிப் பாத்துப்போட்டு மகனின்ர தோளில கை போட்டுக்கொண்டு போனவர்.

இதை நான் ஆருக்கும் சொல்லேல்லை, உனக்கும் சொல்லேல்லை. உன்ர செத்தவீட்டில ஊர்ச்சனம் எல்லாம் நிண்டது. அவரும் மகனும் வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு அங்க நிண்ட சனத்தில எனக்கு மட்டும்தான் தெரியும்.

கஜன் லிஸ்டைத் திருப்பித் தந்துபோட்டு, "தாயை நான் கேக்கிறன். தகப்பனை நீங்கள்தான் கேக்கவேணும் அண்ணை" எண்டான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா சரியான இடத்தில கை வைச்சிட்டான்.

கிங்ஸ்பரியில அவையின்ர வீட்டுக்குப் போனன். பெல் அடிக்க முதல் ரெண்டு தரம் தெருவைச் சுத்தினனான். சிவபாதம் அண்ணை கதவைத் திறந்தார். மூண்டு வருஷத்தில மனுசன் நல்லா நரைச்சுப் போனார். உள்ளுக்க வாங்கோ எண்டார். குசினி மேசையில இருத்தினார். மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா. நான் கோப்பையைத் தொடாமல் சொன்னன்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட பிள்ளையை வேண்டாமெண்டது ராசன் இல்லை. அவர் கெஞ்சினவர். பத்திரம் இல்லையெண்டு மறிச்சது நான். பொய் சொன்னதும் நான். அந்த ஆளின்ர பேரைக் கெடுத்தது நான்தான்."

அவர் ஒண்டும் பேசேல்லை. ஜன்னலுக்கு வெளியில பாத்தார், பிறகு தன்ர கையைப் பாத்தார். ஏதாவது பேசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கடைசியா, "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடியுங்கோ" எண்டார். அவ்வளவுதான். நான் குடிச்சுப்போட்டு வந்திட்டன். மனுசன் என்னை மன்னிக்கேல்லை எண்டுதான் நினைச்சனான்.

ஆனா ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கு நிரோஷன் கேற்றடியில நிண்டான். இப்ப யூனிவர்சிட்டி முடிக்கப்போற ஆம்பிளை. கஜன் கோனைக் கீழ வைச்சுப்போட்டுப் போய் அவனுக்குக் கை குடுத்தான். பத்திர விதியை இந்த சீசனுக்கு மட்டும் தள்ளிவைக்கச் சொல்லிக் கமிட்டியிட்ட நானே கேட்டு வாங்கினன்.

சீசனைச் சொல்லுறன். முதல் சிநேக மேட்சில ஐஞ்சு கோல் வாங்கினம். நான் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தன். கஜன் பெடியளைக் கூப்பிட்டு, "நல்லது. இப்ப எங்க ஒழுகுது எண்டு தெரியுது" எண்டான். அடுத்ததில ரெண்டுதான் வாங்கினம். பிறகு நாங்களும் அடிக்கத் துவங்கினம். மேட்சுக்கு முதல் ரோல்ஸ் இல்லை, வாழைப்பழம்தான் எண்டு ஒரு சட்டம் போட்டான். பழைய மாணவர் பகுதியில ஒரு கிளர்ச்சியே வந்துது. மேட்ச் முடிய எத்தினை ரோல்ஸ் எண்டாலும் சாப்பிடலாம் எண்ட பிறகுதான் அடங்கிச்சினம். பெஞ்சில இருந்த பிள்ளையளுக்கும் ஒவ்வொரு மேட்சிலயும் கொஞ்ச நேரமாவது இறங்க இடம் குடுத்தான். நீயும் அப்பிடித்தான். உன்னைக் காணாத பெடியள் உன்னைப் போலவே விளையாடுறதை நான் பாத்தனான். உனக்கு அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

கோடைப் போட்டிக்குப் பதினெட்டுப் பேரோட போனம். ஒன்பது இல்லை மச்சான், பதினெட்டு. பதிவு மேசையில பேர் குடுக்கேக்க பதினெட்டையும் ஒவ்வொண்டா வாய்விட்டு வாசிச்சன். எங்கட இடம் எங்களுக்குத்தான் எண்டு அந்த இடத்திலயே உறுதியாச்சு. அரையிறுதி பெனல்டி வரைக்கும் போய், நிரோஷன் ரெண்டைப் பிடிச்சான். ரெண்டாவதைப் பிடிக்கேக்க நான் அழுதுபோட்டன். பக்கத்தில நிண்ட வசந்தியும் அழுதாள். அவள் உனக்காக அழுதவள். நான் ஏன் அழுதனான் எண்டு அவளுக்குத் தெரியாது.

இறுதி ஆட்டம் கஜனின்ர தகப்பன்ர கொலிஜோட. துவங்க முதல் ரெண்டு கொலிஜ் கீதமும் போடுறது வழமை. எங்கட கீதத்தில முதல் பந்தி முடிய ஸ்பீக்கர் நிண்டுபோச்சு. எங்கட ஆக்கள் கையைப் பின்னால கட்டிக்கொண்டு பாடத் துவங்கிச்சினம். ரெண்டாம் பந்திக்கு வர வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்லை. நானும் அப்பிடித்தான். பத்திரம் வைச்சிருக்கிற அத்தினை பேரும் ஊமையா நிக்கிறம்.

அப்ப கோல் போஸ்டுக்குப் பின்னால இருந்து ஒரு குரல் பாட்டைத் தொடந்து கொண்டு போச்சு. ரெண்டாம் பந்தி, மூண்டாம் பந்தி, ஒரு சொல் தடுக்கேல்லை. சிவபாதம் அண்ணை. பெருசாக் குரல் வளம் ஒண்டும் இல்லை. ஆனா கிரவுண்ட் முழுக்க அமைதியா நிண்டு கேட்டுது. மற்றக் கொலிஜ்காரர் கூடத் தொப்பியைக் கழட்டிச்சினம்.

ஒரு கோலால தோத்தம். கப் வரேல்லை. ஆனா அண்டைக்கு ஆரும் தோத்த முகத்தோட வீட்ட போகேல்லை.

சனம் கலைஞ்ச பிறகு நான் சிவபாதம் அண்ணையிட்டப் போனன். எப்பிடி அண்ணை முழுக்கத் தெரியும் எண்டு கேட்டன். "இடம்பெயர்ந்து போய் வேற பள்ளிக்கூடத்தில பின்னேரங்களில படிச்சனாங்கள். புத்தகம் இல்லை, மேசை இல்லை. பாட்டு மட்டும்தான் எங்களிட்ட இருந்தது. அதை ஒவ்வொரு நாளும் முழுக்கப் பாடுவம்" எண்டார். 

பிறகு அவராகவே சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு எங்கட குசினியில நான் ஏன் பேசாமல் இருந்தனான் தெரியுமோ? நீங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பி ரெண்டு மாதத்தில, கிங்ஸ்பரி மீன்கடையில உங்கட மச்சானைக் கண்டனான். சனத்துக்கு முன்னால வைச்சுக் கிழிச்சனான். என்ர பிள்ளையில என்ன குறை கண்டனி, நீ ஒரு கோச்சோ எண்டு கேட்டனான். மனுசன் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டார். உங்கட பேரை எடுக்கேல்லை. 'பிழை என்னிலதான் அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையை மட்டும் விளையாட்டை விடவேண்டாமெண்டு சொல்லுங்கோ' எண்டார். நீங்கள் வந்து உண்மையைச் சொன்ன நேரம், செத்துப்போன அந்த ஆளிட்ட நான் எப்பிடி மன்னிப்புக் கேக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அதுதான் பேச்சு வரேல்லை."

மச்சான், உனக்குத் தெரிஞ்சிருக்கு.

மீன்கடையில அவர் பேசின பேச்சிலயே நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு உனக்கு விளங்கியிருக்கும். அதுக்குப் பிறகும் எத்தினை சனிக்கிழமை என்ர காரில முன்சீட்டில இருந்து வந்தனி. பாட்டுப் போட்டாய், என்ர டிரைவிங்கைப் பழிச்சாய், வசந்தி கட்டித் தந்த இடியப்பத்தில பாதியை எனக்குத் தந்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "ஏன்டா அப்பிடிச் சொன்னனி" எண்டு கேட்டிருக்கலாம். ஏன் கேக்கேல்லை? நான் வெக்கப்படுவன் எண்டோ? தங்கச்சிக்குத் தெரிய வந்தா அண்ணனில வைச்சிருக்கிற மரியாதை போயிடும் எண்டோ? உன்னை மாதிரி ஒரு மனுசனோட இத்தினை வருஷம் ஒரே காரில போயும் நீ ஆர் எண்டு எனக்கு முழுசாத் தெரியாமப் போச்சே.

உனக்கு ஒரு வாக்குத் தாறன். இந்த மலர் அச்சுக்குப் போக முதல் வசந்தியிட்டப் போய் இருந்து, எல்லாத்தையும் என்ர வாயால சொல்லுவன். அவள் இதைக் கடதாசியில வாசிச்சு அறியக்கூடாது. பொதுக்கூட்டத்தில அந்தப் பத்திர விதியை நீக்கச் சொல்லிப் பிரேரணை கொண்டுவாறதும் நான்தான். அதை வழிமொழியச் சொல்லிச் சிவபாதம் அண்ணையைக் கேட்டிருக்கிறன், ஓம் எண்டவர். அவர் இப்ப சங்க அங்கத்தவர். படிவத்தை நானே அவற்ற வீட்டில இருந்து நிரப்பினனான், பத்திர இலக்கம் கேக்கிற இடத்தைக் கோடு போட்டு வெட்டிப்போட்டு.

கூட்டம் முடிய அவர் வசந்தியைப் பாக்க வரப்போறாராம், மகனையும் கூட்டிக்கொண்டு. உன்ர படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நிக்கவேணுமாம். நான் காரைக் கொண்டுபோய் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வருவன். போற வழியெல்லாம் நீ ஆர் எண்டு சொல்லிக்கொண்டு வருவன்.

நீ காப்பாத்தின மானத்தை இனி நானே காப்பாத்தப் பாக்கிற,
உன்ர மனிசியின்ர தமையன்,
தவம்